வயலில் நிற்கும் வெருளியும் மனதில் நிற்கும் வெருளியும்

"தங்கச்சி, இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து? எனக்கு விசர் எண்டோ எழுதிக் கிடக்கு?"

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், ஓர் அக்கா தனது கிளினிக் கொப்பியை என் கையில் தந்து இப்படிக் கேட்டார். நெஞ்சுப் படபடப்புக்காக மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் போய்க் காட்டிய கொப்பி அது. அதில் ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல் எழுதிக் கீழே கோடிடப்பட்டிருந்தது. 'அகோராபோபியா'. மகள் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறாள். கருத்து அவளுக்கும் தெரியவில்லை. அன்று கிளினிக்கில் சனம் அதிகம். விளங்கப்படுத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மூன்று கிழமையாக அந்தக் கொப்பி உடுப்புப் பெட்டியின் அடியில் கிடந்திருக்கிறது.

"வருத்தத்தை விட இந்தச் சொல்லுக்குத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் அக்கா.

எனக்கு வெட்கமாக இருந்தது. சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவள் நான். 'போபியா' என்ற சொல்லை அறிக்கைகளில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன என்று ஒரு தாய்க்கு விளங்கும்படி சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. "அடுத்த கிழமை வந்து சொல்லுறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு கிழமையில் நான் தேடிப் படித்தவையும், அதற்குப் பின்வந்த ஓராண்டில் அந்த அக்காவிடமிருந்து கற்றுக்கொண்டவையும்தான் இக்கட்டுரை. அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன். அவரை இனங்காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு என்ன நடந்தது?

2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அக்கா கணவருடனும் கைக்குழந்தையுடனும் இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடற்கரைப் பக்கமாக ஒதுங்கியிருந்தார். ஒருநாள் திறந்த வெளியொன்றில் மாவுக்காக வரிசையில் நின்றபோது எறிகணை விழுந்தது. கணவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா ஓடினார். "திரும்பிப் பாக்கேல்லை" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

பிறகு முகாம் வாழ்க்கை. பிறகு மீள்குடியேற்றம், தறப்பாள் கொட்டில், வீட்டுத்திட்டம். இவை எல்லாவற்றையும் அவர் தாண்டினார். வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, வெண்டி, கீரை வைத்து, சந்தைக்குக் கொண்டுபோய் விற்று மகளை வளர்த்தார். சில நாட்களில் நெஞ்சு படபடக்கும். ஆனாலும் போவார்.

2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. கிழமைக் கணக்கில் வீட்டோடு இருந்தார். ஊரடங்கு தளர்ந்து முதன்முதலாகச் சந்தைக்குப் போன அன்று, பக்கத்தில் நின்ற லொறியொன்றின் ரயர் வெடித்தது. அக்கா கூடையை அப்படியே போட்டுவிட்டு வீடுவரைக்கும் ஓடிவந்தார். அதற்குப் பிறகு சந்தைக்குப் போகவில்லை. சில மாதங்களில் கோயிலடிக்குப் போவதும் நின்றது. பிறகு பஸ் ஏறுவதும் நின்றது. நான் அவரைச் சந்தித்தபோது, தனியாக அவர் போகக்கூடிய தூரம் படலையோடு முடிந்திருந்தது.

அங்கே சந்தை கூடுவது கிழமையில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மரக்கறிக் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவள் மகள். பதினோராம் ஆண்டில் படிக்கும் பிள்ளை. அடுத்த ஆண்டு பங்குனியில் சாதாரண தரப் பரீட்சை. கிழமையில் இரண்டு நாள் வகுப்பில் அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. தாயின் பயத்துக்கு மகளின் படிப்பு விலையாகப் போய்க்கொண்டிருந்தது. அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை என்பதுதான் அவருடைய வேதனை.

சொல்லின் பிறப்பு

'போபியா' என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அதன் மூலச்சொல் 'போபோஸ்'. இன்று அச்சொல்லுக்குப் பயம் என்று பொருள் சொல்கிறோம். ஆனால் மிகப் பழைய கிரேக்கக் காவியங்களில் ஒன்றான, ஹோமருடையது எனப்படும் இலியட்டில், அதன் பொருள் பெரும்பாலும் வேறாக இருக்கிறது. போர்க்களத்தில் படை கலைந்து ஓடும்போது அந்த ஓட்டத்துக்குப் பெயர்தான் போபோஸ். 'ஓடுதல்' என்னும் வினையோடு பிறந்த சொல் அது. 'பயம்' என்ற பொருள் பின்னரே அதில் நிலைத்தது. முதலில் ஓடியது கால். அந்த ஓட்டத்துக்குக் காரணமான உணர்வுக்கும் பிறகு அதே பெயர் வந்தது.

கிரேக்கர் போபோசை ஒரு தெய்வமாகவும் கண்டனர். போர்த் தெய்வமாகிய ஏரீசுக்கும் காதல் தெய்வமாகிய அப்ரோடைற்றிக்கும் பிறந்த பிள்ளை அவன். அவனுடைய சகோதரன் டெய்மோஸ். அந்தப் பெயருக்கும் திகில் என்றே பொருள். போருக்குப் பிறந்த பிள்ளை பயம் என்று அந்த மக்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். இதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அகமெம்னன் என்னும் அரசனின் கேடயத்தில் போபோசின் உருவமும் இருந்ததாக இலியட் கூறுகிறது. எதிரி அதைக் கண்டதும் வெருண்டு ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். கி.மு. 331இல் பாரசீகப் படையோடு பெரும் போருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, மாவீரன் அலெக்சாந்தர் போபோசுக்குப் பலி கொடுத்ததாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். உலகை வெல்லப் புறப்பட்டவனும் பயத்தைக் கும்பிட்டுவிட்டே போயிருக்கிறான்.

ஏரீசை உரோமர் மார்ஸ் என்று அழைத்தனர். அதுதான் எங்களுடைய செவ்வாய்க் கிரகத்தின் பெயர். 1877இல் அமெரிக்க வானியலாளர் அசாப் ஹோல் செவ்வாயைச் சுற்றும் இரண்டு சிறிய சந்திரன்களைக் கண்டுபிடித்தார். அவற்றுக்குப் போபோஸ், டெய்மோஸ் என்றே பெயரிட்டனர். போபோஸ் ஏறத்தாழ 22 கிலோமீற்றர் அகலமுள்ள ஒரு கற்பாறை. 7 மணி 39 நிமிடத்தில் செவ்வாயை ஒருதரம் சுற்றிவிடும். செவ்வாய்க் குற்றம் என்று சொல்லி எங்கள் பெண்பிள்ளைகளை வெருட்டுகிறார்களே, அந்தச் செவ்வாயைச் சுற்றிப் 'பயம்' என்ற பெயரில் ஒரு கல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மருத்துவத்துக்குள் வந்தது எப்படி?

ஹிப்போகிரற்றீசின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் இரண்டு ஆண்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. ஒருவர் நிக்கானோர். இரவு விருந்தில் பெண்ணொருத்தி குழல் ஊதத் தொடங்கியதும் இவருக்குத் திகில் பிடிக்கும். பகலில் அதே குழலோசையைக் கேட்டால் ஒன்றும் செய்யாது. மற்றவர் டெமோக்கிளீஸ். மலைவிளிம்பிலோ பாலத்தின் மேலோ இவரால் நடக்க முடியாது. ஆழமில்லாத குழியின் ஓரத்தில்கூட நடக்க மாட்டார். ஆனால் குழிக்குள் இறங்கி நடப்பார்! மாதக்கணக்கில் பங்கருக்குள் இருந்து வந்த எங்களுக்கு டெமோக்கிளீசை நன்றாக விளங்கும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் செல்சஸ், விசர்நாய்க்கடியால் வரும் நோய்க்குக் கிரேக்கர் 'ஹைட்ரோபோபியா' என்று பெயர் வைத்திருப்பதைக் குறிப்பிடுகிறார். ஹைட்ரோ என்றால் நீர். அதையே நாங்கள் நீர்வெறுப்பு நோய் என்கிறோம். அந்த நோயாளி நீரைக் கண்டு அஞ்சுவது கோழைத்தனத்தால் அல்ல. தண்ணீரை விழுங்கப் போனால் தொண்டைத் தசைகள் தாமாக இறுகிவிடுகின்றன. ஆகவே இந்தச் சொல் மருத்துவத்தில் தொடக்கத்திலேயே உடல் செய்கின்ற ஒன்றைக் குறித்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் 'போபியா' ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக வழங்கத் தொடங்கியது. அக்காலத்தில் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் பலவகைப் பயங்களைக் கேலியாக வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'வீட்டுப் பயம்' என்றும் ஒன்று உண்டு. வீட்டில் இருக்க மனமில்லாமல் சாராயக்கடையே கதியென்று கிடக்கும் ஆண்களுக்கு வரும் நோயாம் அது. எங்கள் ஊர்களிலும் அந்த நோய்க்குக் குறைவில்லை.

அக்காவின் கொப்பியில் இருந்த சொல் 1871இல் பிறந்தது. பேர்லின் நகர மருத்துவர் கார்ல் வெஸ்ற்பால் தன்னிடம் வந்த மூன்று ஆண்களைப் பற்றி எழுதியபோது 'அகோராபோபியா' என்ற பெயரை உண்டாக்கினார். திறந்த வெளிகளையும் ஆளில்லாத தெருக்களையும் தனியாகக் கடக்க அவர்களால் முடியவில்லை. நெஞ்சு படபடத்தது, உடல் நடுங்கியது. பயப்படக் காரணமில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் கால் வரவில்லை. யாராவது துணைக்கு வந்தால், பக்கத்தில் ஒரு வண்டி போனால், கையில் ஒரு பொல்லு இருந்தால்கூடப் பயம் குறைந்தது.

'அகோரா' என்றால் என்ன தெரியுமா? சந்தை. பழைய கிரேக்க நகரங்களில் சனம் கூடும் வெளி அது. வியாபாரமும் அங்கேதான், ஊர்க்கதையும் அங்கேதான், வழக்கும் வாதமும் அங்கேதான். ஏழைப் பெண்கள் அங்கே பாணும் மரக்கறியும் மாலையும் விற்றார்கள். அக்காவின் கொப்பியில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: சந்தைப் பயம்.

இன்று மருத்துவர்கள் இதைச் சற்று விரித்துப் பொருள் கொள்கிறார்கள். பஸ் முதலிய வாகனங்கள், திறந்த வெளிகள், மூடிய இடங்கள், வரிசையும் சனக்கூட்டமும், வீட்டுக்கு வெளியே தனியாக இருத்தல் ஆகிய ஐந்தில் இரண்டுக்காவது கடும் பயம் இருந்து, அது 6 மாதமளவு அல்லது அதற்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்வைக் குழப்பினால் அகோராபோபியாவாக இருக்கலாம் என்று பார்ப்பார்கள். 'ஏதாவது நடந்தால் தப்பி ஓட வழியில்லை' என்ற எண்ணமே அதன் அடியில் இருக்கிறது.

சொன்னபடி அடுத்த கிழமை போய் இவற்றையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப, அந்தச் சொல்லுக்கு விசர் எண்டு கருத்தில்லை. ஓட்டம் எண்டுதான் கருத்து. அப்பிடித்தானே?"

"ஓம் அக்கா."

"நான் இன்னும் ஓடி முடிக்கேல்லைப் போல."

எங்களிடம் உள்ள சொற்கள்

பயத்துக்குத் தமிழில் சொற்கள் பல. 'பயம்' வடமொழியிலிருந்து வந்தது. பழந்தமிழில் இதே ஒலியில் வேறொரு 'பயம்' இருந்தது. அதற்குப் பயன் என்றும் நீர் என்றும் பொருள். 'அச்சம்' எங்கள் பழஞ்சொல். பேம், நாம், உரும் என்ற சொற்களும் அச்சத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதே நூல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் இடங்களாக நான்கைக் கூறுகிறது: வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம் இறைவன். இங்கே இறைவன் என்றால் அரசன். தன்னை ஆள்பவனுக்கே மனிதர் அஞ்ச நேரும் என்பதை அக்காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதே தொல்காப்பியம் அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்களுக்கு உரியவை என்றும் சொல்கிறது. பெண் என்றால் பயப்பட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அதே பெண் போருக்குப் பின் பயந்து நடுங்கினால், 'இவவுக்கு மனம் சரியில்லை' என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சையும் நாங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

'வெரு' என்ற அடியிலிருந்து வந்த சொற்களும் இருக்கின்றன. வெருவுதல், வெருளுதல், வெருட்டுதல், வெருட்சி. தமிழ்நாட்டில் மிரட்டுவது என்று பேசுவதை நாங்கள் வெருட்டுவது என்றுதான் சொல்கிறோம். "பிள்ளையை வெருட்டாதை" என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. 'போபியா' என்பதற்குத் தமிழ்நாட்டில் சொல்லாக்கம் செய்வோர் சிலர் 'வெருளி' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

இதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். "வெருளியோ? அந்தா நிக்குது, பாரும்" என்று தோட்டத்தைக் காட்டினார். இரண்டு தடிகளைக் குறுக்கே கட்டி, வைக்கோல் அடைத்த பழைய சேட்டைப் போட்டு, மேலே பானையைக் கவிழ்த்துச் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் கீறிய வெருளி. பயிரை அழிக்க வரும் குருவிகளை வெருட்ட எங்கள் தோட்டங்களிலும் வயல்களிலும் நிற்பது. வெருளி என்ற சொல்லுக்குப் பயம் என்றும் பொருள், பயம் காட்டும் பொருள் என்றும் பொருள்.

இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. குருவி வெருளிக்கு ஏன் பயப்படுகிறது? மனிதன் கல்லெறிவான் என்று அதற்குத் தெரியும். அந்தப் பயம் பொய் அல்ல. கல்லெறிந்த மனிதன் உண்மை. ஆனால் இப்போது நிற்பது அவன் அல்ல, அவனுடைய சட்டை. போபியாவை 'காரணமற்ற பயம்' என்று நூல்களில் எழுதுகிறார்கள். எங்களைப் பொறுத்தவரை அந்த விளக்கம் முழுவதும் சரியல்ல. எங்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. காரணம் போய்விட்டது, அதன் சட்டை நிற்கிறது.

எனக்கும் ஒரு வெருளி உண்டு. 2009இல் எனக்கு 18 வயது. தலைக்கு மேல் இரைந்துகொண்டே சுற்றிய ஆளில்லா விமானத்தை வன்னியில் நாங்கள் 'வண்டு' என்போம். வண்டு சுற்றினால் பிறகு ஷெல் வரும். 2023இல் சிநேகிதியின் கலியாண வீட்டில் படம் பிடிக்க ட்ரோன் கமராவைப் பறக்கவிட்டார்கள். அந்த இரைச்சல் கேட்டதும் நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. சிலர் சிரித்தார்கள். என்னைப் போல வன்னியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் சிரிக்கவில்லை.

எல்லாப் பயமும் வெருளி அல்ல

சகோதரிகளே, இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் கால்வைக்க அஞ்சுவது வெருளி அல்ல, அறிவு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்றுதான் வள்ளுவரும் சொல்கிறார். குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்கு அஞ்சும் பெண்ணிடம் நோய் இல்லை. வெளிச்சமில்லாத ஒழுங்கையில் பின்தொடரும் ஆணுக்கு அஞ்சும் பிள்ளைக்கும் நோய் இல்லை. அங்கே மாற வேண்டியது அந்தப் பெண் அல்ல. 'உனக்கு வீண் பயம்' என்று யாராவது சொன்னால், அது எந்தப் பயம் என்று முதலில் நாங்களே பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கெட்ட கனவு, நடந்தது மீண்டும் கண்முன் நடப்பது போன்ற உணர்வு, நித்திரையின்மை, எதிலும் ஒட்டாத மனம் ஆகியவையும் சேர்ந்திருந்தால் அது வெறும் போபியா அல்ல. எங்கள் உளநல மருத்துவர்கள் 'மனவடு' என்று சொல்லும் நிலையாக இருக்கலாம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் இங்குள்ள மக்களின் உளப்பாதிப்புப் பற்றி 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலின் பெயரே 'வடுப்பட்ட மனங்கள்' என்று பொருள்படுவது. இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். எது என்று கண்டறிவது மருத்துவரின் வேலை. அக்காவுக்கும் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பரிசோதித்த பின்னரே, அவர்களுடைய வழிகாட்டலில், அடுத்த வேலையைத் தொடங்கினோம்.

குருவி கற்றுத்தந்த வழி

1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சின்னப் பையனைப் பற்றி எழுதினார். பையனுக்கு விருப்பமான தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, கூட்டில் இருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார்கள். கடைசியில் பையன் முயலைத் தடவினான். தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே, இரண்டாம் உலகப்போரின்போது இராணுவ வைத்தியசாலையில் மனம் குழம்பிய படைவீரர்களுக்குச் சிகிச்சை செய்தவர். மருந்து மட்டும் போதாது என்று கண்டு, உடலை ஆறுதற்படுத்திக்கொண்டு பயத்தைப் படிப்படியாக அணுகும் முறையை வகுத்து, 1958இல் நூலாக வெளியிட்டார். இன்றும் போபியாவுக்குச் செய்யப்படும் சிகிச்சைகளில் இந்தப் படிமுறைப் பழக்கம் முக்கியமானது.

இதையும் அக்காவுக்குச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

"வெருளியை ஒரே இடத்தில விட்டால் ஒரு கிழமைக்குத்தான் பயம் பிள்ளை. பிறகு குருவியள் தூர இருந்து பாக்கும். அடுத்த நாள் வேலியில வந்து இருக்கும். பிறகு அதின்ர கையிலயே வந்து குந்தும். அதுதான் நாங்கள் வெருளியை இடம் மாத்தி மாத்தி நடுறது."

ஓடிப்போகும் குருவிக்கு வெருளி எப்போதும் மனிதன்தான். தூர நின்று பார்த்த குருவிக்குத்தான் அது வைக்கோல் என்று தெரியவரும். அக்காவும் 2020இல் ஓடிவந்த பின் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் இருந்த ஒவ்வொரு நாளும் நிம்மதியாகத் தெரிந்தது. அந்த நிம்மதிதான் வெருளிக்குத் தீனி போட்டு வளர்த்தது.

சித்திரை கழிந்து தொடங்கினோம். முதலில் படலைக்கு வெளியே வந்து நூறு எண்ணும்வரை நிற்பது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது. நெஞ்சு படபடக்கும்தான். படபடப்பு ஏறும், பிறகு தானாக இறங்கும். இறங்கிய பிறகுதான் வீட்டுக்குள் போக வேண்டும், உச்சத்தில் நிற்கும்போது ஓடக்கூடாது. இதுவே நாங்கள் வைத்த ஒரே சட்டம். பிறகு அயல்வீடு, பிறகு கோயிலடி ஆலமரம். பிறகு சந்தை கூடாத நாளில் வெறும் சந்தை வெளி. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் பயம் குறைவதை அக்கா தானாகவே கண்டுபிடித்தார். வெஸ்ற்பாலின் நோயாளிகளுக்கு வண்டி துணைநின்ற கதையைச் சொன்னபோது, "அந்த மனிசருக்கும் அப்பிடியோ!" என்று ஆச்சரியப்பட்டார்.

ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். அது என்னுடைய பிழை. ஐப்பசியில் தீபாவளிச் சந்தைக்கு, "இப்ப உங்களுக்கு ஏலும் அக்கா" என்று நான்தான் அவசரப்படுத்திக் கூட்டிப்போனேன். சனநெரிசலும் சீனவெடிச் சத்தமும் சேர்ந்து அக்காவை மீண்டும் ஓடவைத்தன. ஒரு மாதம் படலைக்கு வெளியே வரவில்லை. மூன்று படி பின்னால் போய்த் திரும்பத் தொடங்கினோம். குருவியை யாரும் பிடித்துக்கொண்டு போய் வெருளியின் கையில் இருத்துவதில்லை. அது தன்னுடைய நேரத்தில்தான் வரும்.

மார்கழியில் ஒரு சந்தை நாள். காலை ஆறு மணிக்கு, சனம் கூட முன்னர், வாசற்பக்கமாகச் சாக்கை விரித்து அக்கா இருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய சிநேகிதி, வெற்றிலை விற்கும் அம்மா. "எங்கையடி போயிருந்தனீ இவ்வளவு நாளும்?" என்று மட்டும் கேட்டு, வெற்றிலைத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். அன்று ஒன்பது மணிவரை அக்கா இருந்தார். மகள் அன்று தையற்பள்ளியில் படிக்கும் மச்சாளோடு வீட்டில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். தை மாதத்திலிருந்து சந்தைக் கூடை தாயோடுதான் போனது. 2025 பங்குனியில் மகள் பரீட்சை எழுதினாள்.

அக்கா முற்றாகச் சுகமாகிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். சில நாட்களில் பாதி வழியில் திரும்பி வருகிறார். தூரப் பயணத்துக்கு இன்னும் துணை வேண்டும். ஆனால் சந்தைக் காசு இப்போது அவருடைய கையில்தான் இருக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் வருகிறார். சந்தையை இழந்த பெண் காசை மட்டும் இழப்பதில்லை. நாலு பேரோடு கதைக்கும் இடத்தையும், தன் கருத்தைச் சொல்லும் இடத்தையும் இழக்கிறாள். கிரேக்கர் சந்தைக்கும் சபைக்கும் ஒரே சொல்லை வைத்திருந்ததன் பொருள் எனக்கு இப்போது நன்றாக விளங்குகிறது.

இதை வாசிக்கும் சகோதரிகளிடம் கேட்டுக்கொள்வது இரண்டு விடயம். உங்கள் கொப்பியில் விளங்காத சொல் ஏதும் எழுதியிருந்தால் அதைப் பெட்டிக்குள் ஒளித்துவைக்காதீர்கள். "இதற்கு என்ன கருத்து?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அடுத்தது, சத்தம் கேட்டு வெருண்டு விழும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், வெற்றிலை அம்மாவைப் போல் கொஞ்சம் இடம் விடுங்கள். உதவி தேவையானவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சென்ற முறை போனபோது அக்காவின் தோட்டத்தில் வெருளி புதிய இடத்தில் நின்றது. நான் பார்ப்பதைக் கண்டு அக்கா சொன்னார்: "அதை மாத்தி நட்டுப் பிரயோசனமில்லைப் பிள்ளை. குருவியள் கெட்டிக்காரர்."